சோபாக்காரர் செய்த லிங்க்

சோபாக்காரருக்கு இரும்பு வேலை சுத்தமாகத் தெரியாது. பஞ்சு, ரெக்சின், ஊசி, நூல் என்பதுதான் அவர் உலகம். நைந்துபோன சோபாவைக் கொடுத்தால் புதுமாப்பிள்ளை மாதிரி ஆக்கித் திருப்பித் தருவார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார் என்றால், அதற்குக் காரணம் அவர் மனைவியின் தோள்பட்டை.

மனைவி மாட்டு டாக்டர். மலைச்சரிவில் இருக்கும் தொழுவங்களுக்குத் தன் பழைய ஜீப்பில் போய் வருவாள். மிரண்டுபோன காளை ஒன்று அவளைச் சுவரோடு வைத்து நெரித்ததில் வலது தோள் போயிற்று. கட்டுப் பிரித்த பிறகும் கை பழையபடி தூக்க வரவில்லை. ஆனாலும் ஜீப் ஓட்டினாள், ஊசி போட்டாள், பிரசவத்தில் கன்றை இழுத்தாள். ஸ்வே பார் ஒன்றுதான் அவளைப் படுத்தி எடுத்தது.

ஸ்வே பார் என்பது முன் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வளைந்த கம்பி. தார் ரோட்டு வளைவுகளில் வண்டி சாயாமல் அதுதான் காக்கும். பாறைப் பாதையிலோ அதே கம்பி எதிரியாகிவிடும். ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் மற்றதைப் பள்ளத்தில் இறங்க விடாது. அது அந்தரத்தில் சுற்றும், வண்டி தொட்டிலாட்டம் ஆடும். அதனால் தார் ரோடு முடிகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் அவள் அடியில் புகுந்து, கம்பியின் இரு முனைகளையும் அச்சோடு இணைக்கும் லிங்க் தண்டுகளை ஸ்பேனர் போட்டுக் கழற்றுவாள். திரும்பும்போது மறுபடி மாட்டுவாள்.

ஒருநாள் துணைக்குப் போன சோபாக்காரர் அதைப் பார்த்தார். "நான் கழட்டறேன், நகரு" என்று அடியில் நுழைந்தவர், எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் முழித்தார். கடைசியில் அவளே முடித்துவிட்டு வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"கண்ணுல தூசிங்க" என்றாள்.

மறுநாள் காலை அவர் நேராக மைத்துனனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

"கையாலயே கழட்டி மாட்டற மாதிரி ஏதாவது இருக்கா மச்சான்?"

"ரெடிமேடா விக்கிறாங்க அத்தான். ஆனா அக்கா ஜீப்போட வயசுக்கு எவனும் செய்யறதில்ல."

"அப்ப நாமளே செய்வோம்."

"நாமளேன்னா யாரு, நானா?" என்று சிரித்தான் அவன்.

இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜீப்புக்கு அடியில் படுத்துச் செய்தார்கள். லிங்கின் கீழ்முனையில் இறுக்கியிருந்த போல்ட்டை எடுத்துவிட்டு, கச்சிதமாக நுழையும் தடித்த இரும்புப் பின் ஒன்றை வைத்தார்கள். பின் நழுவாமல் இருக்க அதன் நுனியில் துளையிட்டுக் கிளிப் மாட்டினார்கள். கிளிப்பை உருவி, பின்னை இழுத்தால் போதும், லிங்க் விடுபட்டுவிடும். துளைக்குள் பின் லொடலொடக்கிறதா என்று சோபாக்காரர் ஆட்டி ஆட்டிப் பார்த்த பார்வையில் மைத்துனனுக்கே அலுத்துவிட்டது. "பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்க்காதீங்க அத்தான், நல்லாத்தான் இருக்கு."

டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சக்கரத்தருகே உட்கார்ந்தபடியே கை நீட்டிப் பின்னை இழுத்தாள், வந்துவிட்டது. "இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா!" என்று பொய்க்கோபம் காட்டினாள்.

ஆனால் விடுபட்ட லிங்க் எங்கே போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அது கம்பியிலிருந்து தொங்கியது. அவள் சணலை எடுத்து மேலே தூக்கிக் கட்டினாள். மலையிலிருந்து இறங்கும்போது சணல் அறுந்தது. தொங்கிய லிங்க் ஆடி ஆடிப் பிரேக் குழாயில் மாட்டி அதைக் கிழித்துவிட்டது. பெடலை மிதித்தால் காலோடு போகிறது. கியரை இறக்கி, மண்மேட்டில் வண்டியை முட்ட விட்டுத்தான் நிறுத்தினாள்.

பால் வண்டிக்காரர் அவளைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கியபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. விஷயத்தைக் கேட்ட சோபாக்காரருக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடறேன். தெரியாத வேலையில தலையிட்டு உன்னைக் கொல்லப் பார்த்தேன்."

"நீங்க என்ன பண்ணீங்க? சணலைக் கட்டினது நான்."

"கட்டறதுக்கு ஒழுங்கா ஒண்ணு நான் குடுத்திருக்கணும்."

"அது சணல்னு தெரிஞ்சும் கட்டினது யாரு?"

ஜீப்பை இழுத்து வந்திருந்த மைத்துனன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "ஊர்ல புருசன் பொண்டாட்டி நீதான் காரணம், நீதான் காரணம்னு அடிச்சுக்குவாங்க. நீங்க ரெண்டு பேரும் தலைகீழா அடிச்சுக்கறீங்க. குழாயை மாத்தறேன், வழி விடுங்க."

சோபாக்காரர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அவள் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"பின்னு நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஸ்பேனருக்கு மட்டும் என்னைத் திரும்ப அனுப்பாதீங்க."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவர் எழுந்து தன் பட்டறைக்குள் போனார். பஸ் சீட்டுக்கு வாங்கிய அகலமான நைலான் பட்டை இருந்தது. இரண்டு மடிப்பாக வைத்து, மெழுகு நூலில் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தார். பிடிப்புக்கு இரும்புக் கொக்கி வைத்தார். இரும்பில் தடுமாறிய கை இங்கே தன்பாட்டுக்கு ஓடியது. பக்கத்துக்கு ஒன்றாக, லிங்கைத் தூக்கி வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்ட இரண்டு பட்டைகள். மைத்துனன் ஒன்றை உத்தரத்தில் மாட்டி, முழுக் கனத்தோடு தொங்கிப் பார்த்தான்.

"அத்தான், இதுல யானையைக் கட்டலாம்."

"உன்னைத் தாங்குதே, அது போதும்."

அடுத்த முறை ஒரு பசுவின் பிரசவத்துக்காக மலைக்குப் போகும்போது அவரும் ஏறிக்கொண்டார். தார் ரோடு முடியும் இடத்தில் டாக்டர் வண்டியை நிறுத்தினாள். பின்னைக் கழற்றிப் பட்டையைப் போட்டார்கள். பாறைகளில் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கின. அவர் வழியெல்லாம் நிறுத்தச் சொல்லி, இறங்கிக் குனிந்து பார்த்தார். பட்டை வைத்தது வைத்தபடி இருந்தது.

"இப்படியே பார்த்துட்டிருந்தா கன்னுக்குட்டி பொறந்து கொம்பு முளைச்சிடும்" என்றாள் அவள்.

தொழுவத்தில் அவர் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். கன்று நல்லபடியாகப் பிறந்தது.

திரும்பித் தார் ரோட்டு ஓரத்துக்கு வந்ததும் பின்களைத் திரும்ப மாட்ட ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். சமதளத்தில் வண்டி நிற்காததால் அவர் பக்கத்துத் துளை நேருக்கு வரவில்லை. பின்னை வைத்துக்கொண்டு திணறினார்.

"எந்திரிச்சு முன் பம்பர்ல ஏறி உட்காருங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

உட்கார்ந்தார். வண்டி அவர் கனத்துக்கு அமுங்கி, துளை நேருக்கு வந்தது. சுற்றி வந்தவள் அவர் பக்கத்துப் பின்னையும் இடது கையால் ஒரே தள்ளாகத் தள்ளிக் கிளிப்பைப் போட்டாள்.

"இறங்கலாமா?" என்றார் அவர்.

"கொஞ்ச நேரம் இருங்க" என்று அவளும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னைக்குத் தோள் வலிக்கவே இல்லைங்க."