முப்பத்தெட்டு பேரின் வயிற்றுவலி

இருநூற்று எண்பத்தைந்து ரூபாய். பதினொன்றாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் சரிதா, அதே வகுப்பில் முப்பத்தேழாம் ரேங்க் வாங்கும் ஹேமலதாவுக்குத் தர வேண்டிய கடன் அது. வகுப்பில் இருந்ததே முப்பத்தெட்டு பேர். முப்பத்தெட்டாம் ரேங்க்காரி அம்மை போட்டுப் பரீட்சைக்கே வராதவள். அதனால் ஹேமலதாவுக்குக் கீழே ஒருத்தி இருந்தாள் என்று சொல்வது நியாயமில்லை.

ஹேமலதாவின் அம்மாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் வெங்காயக் கடை. சனி, ஞாயிறு கடையில் உட்கார்ந்தால் மகளுக்கு நூற்றைம்பது ரூபாய் கூலி. அந்தப் பணத்தை அவள் பள்ளிக்கூடத்தில் கடனாக விட்டாள். வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக விடைத்தாள். ஒரு பரீட்சைக்குக் காட்டினால் இருபது ரூபாய் கழியும். பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாம் தேதியோடு இருக்கும். அந்த விஷயத்தில் அவள் ஒரு பைசா ஏமாற்றமாட்டாள்.

சரிதா ஐந்தும் பத்தும் இருபதுமாகத்தான் வாங்குவாள். வாங்கியதும் நேராகத் தெருமுனைக்குப் போவாள். ஒருநாள் மெடிக்கல் ஷாப், ஒருநாள் சோடாக் கடை. "தெனம் சோடா கேக்குதா இவளுக்கு? எங்க வீட்ல இன்னா பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷனா வருது, வாரி வாரிக் குடுக்க?" என்று பக்கத்துப் பெஞ்சு அனமிடம் ஹேமலதா முனகுவாள். முனகிக்கொண்டே கொடுப்பாள். முதல் ரேங்க்காரியைக் கடனில் வைத்திருப்பது நல்ல முதலீடு.

ஒரு திங்கட்கிழமை, மூன்றாவது பீரியடில் புதிதாக ஒரு மிஸ் வந்தார். பெயர் செந்தமிழ்ச்செல்வி. மாணவிகளின் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கிற வேலைக்காகப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். இருபது கேள்விக்கு டிக் போட வேண்டும், கடைசியில் இரண்டு வரி எழுத வேண்டும்.

"இதுல சரி, தப்புன்னு எதுவும் இல்ல. மார்க்கும் இல்ல. பேரு எழுத வேணாம். மனசுல பட்டத எழுதுங்க. நான் நின்னா உங்களுக்குக் கூச்சமா இருக்கும். வராந்தாவுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு மிஸ் வெளியே போனால் என்ன செய்வது என்று அந்த வகுப்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மார்க் இல்லாத பேப்பரு எங்கனாச்சும் உண்டாடி?" என்றாள் அனம்.

"அதான் டிரிக்கு" என்றாள் ஹேமலதா. "ஏடாகூடமா டிக் போட்டு வெச்சா, இவளுக்கு மூள சரியில்லன்னு டி.சி. குடுத்துடுவாங்க. வெவரமானவளப் பாத்து எழுதறதுதான் சேப்டி."

விவரமானவள் முன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து எழுதிக்கொண்டிருந்தாள். இடது கையை வளைத்துத் தாளுக்கு வேலி போட்டிருந்தாள்.

"சரிதா, காட்டுடி. இருபது கழிச்சுக்கிறேன்."

"இது பரீட்சை இல்ல ஹேமா. யாரும் பாக்கக் கூடாது."

"அம்பது."

சரிதா திரும்பவே இல்லை. ஐம்பதுக்கும் காட்டவில்லை என்றால் அது எப்பேர்ப்பட்ட விடையாக இருக்க வேண்டும் என்று ஹேமலதாவுக்குக் கை துறுதுறுத்தது. கொஞ்ச நேரத்தில் சரிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தாளைக் கவிழ்த்து ஜாமெட்ரி பாக்ஸை மேலே வைத்துவிட்டு, மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள்.

ஹேமலதா எட்டி எடுத்தாள். அவள் பார்த்து எழுதும் வேகம் பள்ளிக்கே தெரியும். படித்துக்கொண்டே எழுதினால் நேரம் போய்விடும் என்று எழுத்தை மட்டும் இறக்குவாள். மூட்டை தூக்குகிற ஆள் உள்ளே வெங்காயமா உருளைக்கிழங்கா என்று பிரித்தா பார்க்கிறான்? லாரியில் இருந்து கடைக்கு, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் சரிதாவின் தாள் இருந்த இடத்துக்கே போய்விட்டது. பிறகு ஹேமலதாவின் தாள் பெஞ்சு பெஞ்சாகக் கிளம்பியது. தலைக்கு ஐந்து ரூபாய். முப்பத்தாறு பேர்.

மறக்காமல் நோட்டில் சரிதாவின் பெயருக்கு நேராக ஐம்பதைக் கழித்தாள். பாக்கி இருநூற்று முப்பத்தைந்து. சொன்ன சொல் சொன்னதுதான். கேட்டுக்கொண்டு எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

வியாழக்கிழமை காலை தலைமையாசிரியை ராஜாம்பாள், செந்தமிழ்ச்செல்வி மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். கையில் தாள்கட்டு.

"இந்த வகுப்புல முப்பத்தெட்டு பேருக்கும் ராத்திரி தூக்கம் வரல. முப்பத்தெட்டு பேருக்கும் ஸ்கூல் வாசல மிதிச்சதும் கை நடுங்குது. அப்படித்தானே?" என்று கேட்டார். "போன வாரம் கடைசி பெஞ்சுல கொறட்ட விட்டவளுக்குமா தூக்கம் வரல?"

கட்டில் மேலே இருந்த தாளை உருவினார்.

"கடைசி ரெண்டு வரியப் படிக்கறேன், கேளுங்க. 'ஒவ்வொரு மாதமும் முதல் ரேங்க் வாங்கும்போது, அடுத்த மாதம் விழுந்துவிடுவேன் என்று வயிறு வலிக்கிறது. வாசலில் உள்ள ரேங்க் போர்டில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும்.' முப்பத்தெட்டு பேரும் பர்ஸ்ட் ரேங்க்காடி இங்க?"

அப்போதுதான் ஹேமலதா தான் எழுதியதை முதன்முறையாகக் கேட்டாள். அவள் மனசில் நோட்டின் கடைசிப் பக்கம் விரிந்தது. மாத்திரை பத்து. சோடா இருபது. மாத்திரை பத்து. இரண்டு மாதமாகத் தன் கையால் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். ஒருநாள் கூட எதற்கு என்று கேட்கவில்லை.

முன் பெஞ்சில் சரிதாவின் கழுத்து வேர்த்திருந்தது. அவள் அப்பா செல்வகுமார் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். மாதாமாதம் வந்து ரேங்க் போர்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பார். கம்பெனி முழுக்க அதைப் பார்க்கும். இந்த இரண்டு வரியைத் தலைமையாசிரியை அவருக்குப் படித்துக் காட்டினால் சரிதா அந்த வீட்டில் தலை தூக்க முடியாது.

"யாரு எழுதினதுன்னு எனக்குத் தெரியாதா? இன்னைக்கே அவ அப்பாவுக்குப் போன் போடறேன்" என்று ராஜாம்பாள் முன் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

ஹேமலதா எழுந்து நின்றாள். "நான்தான் மிஸ் எழுதினேன்."

"நீயா? உன் ரேங்க் இன்னா?"

"முப்பத்தேழு மிஸ். அதான் பயம். திடீர்னு ஒரு மாசம் பர்ஸ்ட் வாங்கித் தொலச்சிட்டா எங்கம்மா நெஞ்சப் புடிச்சுக்குனு உக்காந்துடும். வெங்காயக் கடைய அப்புறம் யாரு பாக்கறது?"

வகுப்பு சிரிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்தது. "அப்ப மத்தவங்கள்லாம் உன்னப் பாத்துக் காப்பி அடிச்சாங்களா?" என்றார் ராஜாம்பாள்.

அந்த வார்த்தைதான் வேலை செய்தது. காப்பி என்றால் முப்பத்தாறு வீட்டுக்கும் போன் போகும். அனம் சடாரென்று எழுந்தாள். "காப்பி இல்ல மிஸ், சத்தியமா. எனக்கும் பர்ஸ்ட் ரேங்க்னா வயித்தக் கலக்குது. அதனாலதான் வாங்கறதே இல்ல." அடுத்து நாலு பேர் எழுந்தார்கள். பிறகு ஒரு பெஞ்சு முழுக்க. தோழிக்காக எழுந்தவர்களை விடத் தன் முதுகுக்காக எழுந்தவர்கள்தான் அதிகம். ஆனால் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கடைசியில் சரிதாவும் நின்றாள். அந்தக் கூட்டத்தில் அவள் தனியாகத் தெரியவில்லை.

செந்தமிழ்ச்செல்வி மிஸ் சிரிப்பை அடக்க உதட்டை மடித்து வைத்திருந்தார். "மேடம், பேரு கேக்க மாட்டோம்னு நான் வாக்கு குடுத்திருக்கேன். எல்லாருக்கும் ஒரே கஷ்டம்னா எல்லாரையும் நான் பாக்கறேன். ரோல் நம்பர்படி, தனித்தனியா, ஆளுக்குப் பத்து நிமிஷம். அப்புறம் அந்த போர்டு. ஒருத்தி கேட்டா அவ பிரச்சன. முப்பத்தெட்டு பேரும் எழுத்துல கேட்டிருக்காங்களே."

ராஜாம்பாள் நின்றிருந்த முப்பத்தெட்டு பேரையும் ஒரு சுற்று பார்த்தார். அரசாங்கத்துக்கு அறிக்கை போக வேண்டிய தாள்கள் அவை. தன் பள்ளியில் இத்தனை பேர் தூங்கவில்லை என்று அனுப்புவதை விட, ஒரு பலகையைக் கழற்றி விட்டோம் என்று அனுப்புவது சுலபம். மத்தியானமே வாட்ச்மேன் அம்மாவாசை ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார்.

பத்து நிமிடம் பேசப் போனவர்களில் பலர் என்ன பேசுவது என்று தெரியாமல் அண்ணன் அடிப்பதையும் பஸ்ஸில் இடிப்பதையும் சொல்லி, எதிர்பாராமல் அழுதுவிட்டு வந்தார்கள். அனம் அரைமணி நேரம் இருந்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். கேட்டதற்கு, "ஜலதோஷம்டி" என்றாள். ஹேமலதா தன் முறை வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒருத்திக்கு வயித்துவலி மாத்திரைக்குக் கடன் குடுத்துட்டு, ஏன்னு கேக்காம இருந்தா அது தப்பா மிஸ்?"

"இப்பக் கேட்டுப் பாரேன்" என்றார் மிஸ்.

சரிதாவின் பத்து நிமிடம் இரண்டு பீரியடாக நீண்டது. பந்து இருந்த அறையில்தான் மிஸ் உட்கார்ந்திருந்தார் என்பதால் வகுப்புக்கு அன்று பி.டி. பீரியட் போனது. ஒருத்தி கூட முணுமுணுக்கவில்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்து, சைக்கிள் ஸ்டாண்டில் ஹேமலதா சரிதாவை நிறுத்தினாள்.

"வயிறு எப்புடிடி இருக்கு?"

சரிதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பரவால்ல. மிஸ் அப்பாவக் கூப்புட்டுப் பேசினாங்க, நான் சொல்லித்தான். ரெண்டு நாள் அப்பா எங்கூட பேசல. நேத்து ஸ்டேட்டஸ்ல மீன் கொழம்பு போட்டோ போட்டிருக்காரு."

"மீன் கொழம்பா?"

"ம். நான் வெச்சது. உப்பு கம்மி. அதையும் எழுதியிருக்காரு."

ஹேமலதாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடலாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு, "உன் பேப்பர நான் எடுத்திருக்கக் கூடாதுடி" என்றாள்.

"கூடாதுதான்" என்றாள் சரிதா. "எவ்ளோ பாக்கி?"

"எரநூத்தி முப்பத்தஞ்சு. ஆனா நீ தர வேணாம்."

"சும்மா ஒண்ணும் வேணாம். கணக்குன்னா கணக்கு. என் பேப்பர எத்தன பேருக்கு வித்த?"

"முப்பத்தாறு."

"தலைக்கு?"

"அஞ்சு" என்றாள் ஹேமலதா, குரல் இறங்கி.

"நூத்தி எம்பது. சரக்கு என்னுது. பாக்கி அம்பத்தஞ்சு." சரிதா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "என் வயித்துவலிய மூணு நாள் முழுக்க முப்பத்தேழு பேரு வெச்சிருந்தீங்கல்ல, அதுக்கு வாடக அம்பத்தஞ்சு."

"வயித்துவலிக்கு வாடகையா? மார்க்கெட்ல கூட இப்புடி ஒரு அநியாயத்த நான் பாத்ததில்லடி!"

"அப்ப ராஜாம்பா மிஸ்கிட்ட போய்க் கேப்பமா?"

ஹேமலதா நோட்டை எடுத்து, சரிதாவின் பெயரை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்தாள். சரிதா அதை வாங்கி, கூட்டல் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தாள்.