யாத்ரங்கா கொடுத்த மெமரி

உருக்காலை ஊரான போர்ட் கெம்ப்ளாவின் புறாப் பந்தயச் சங்கத்தில் மார்லீனின் மேசையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. தானாக வந்த பழக்கம் அது.

கால்பந்து மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் சங்கம். சனிக்கிழமை மதியம், தொலைதூரத்தில் திறந்துவிட்ட புறாக்கள் வீடு திரும்பியதும், உறுப்பினர்கள் அவை வந்த நேரத்தைப் பதிந்த அவரவர் கடிகாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். ஒவ்வொருவர் வீடும் ஒவ்வொரு தூரத்தில் இருப்பதால், முதலில் வந்த புறாதான் ஜெயித்தது என்று சொல்லிவிட முடியாது. தூரத்தையும் நேரத்தையும் வைத்து வேகத்தைக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் கணினி மார்லீனின் மேசையில் இருந்தது. அது முடிக்கும்வரை அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணவன் விட்டுப் போனபிறகு வாரத்தின் மற்ற நாட்களில் அவள் முகத்தை அப்படிப் பார்க்க ஆள் இல்லை.

சங்கத் தலைவர் கார்மெலோ, உருக்காலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மால்டாக்காரர். மனைவியை இழந்தவர். கணக்கு ஓடும்போது மார்லீனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தன் புறாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அவர்களுக்குள் ஒன்றும் கிடையாது என்று இருவருமே சொல்வார்கள். யாரும் கேட்காமலே சொல்வார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் யாத்ரங்கா வந்து சேர்ந்தாள். மில்டுராவிலிருந்து குடிவந்தவள், பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு வேலை. சிரித்தால் கொட்டகையின் தகரம் அதிரும். அவளுடைய நீலப் பெட்டைப் புறா முதல் பந்தயத்திலேயே முதலிடம் வந்தது. அதைக்கூட மார்லீன் பொறுத்துக்கொண்டாள். ஆனால் யாத்ரங்கா கொண்டுவந்த வால்நட் ரொட்டி நிமிடத்தில் காலியாகி, மார்லீனின் லாமிங்டன் கேக்குகள் பாதிக்கு மேல் தட்டிலேயே கிடந்தன. கார்மெலோவின் நாற்காலியும் மெல்ல மெல்ல ரொட்டி இருந்த பக்கம் நகர்ந்துவிட்டது.

அவர் அங்கே சிரிக்கும்போதெல்லாம் மார்லீன் எண்களைத் தப்பாக அடித்தாள்.

கணினி பழசு. எல்லாருடைய கடிகாரத் தகவலையும் ஏற்றுவதற்குள் பொறுமை போய்விடும்.

"இதுக்கு மெமரி பத்தல," என்றாள் யாத்ரங்கா ஒருநாள், மேசைக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்து. "என் பையனோட பழைய சிபியூல ஒண்ணு சும்மா கெடக்கு. கொண்டாந்து போட்டுடலாம்."

"வேணாம். நல்லாத்தான் ஓடுது," என்றாள் மார்லீன்.

"நல்லா எங்க ஓடுது? நடக்குது!" என்றார் ரே. சங்கத்தில் யாரையாவது சீண்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அடுத்த வாரமே யாத்ரங்கா அதைக் கொண்டுவந்துவிட்டாள். விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டை. உள்ளே இருந்ததைவிட இரண்டு மடங்கு கொள்ளளவு, வேறு கம்பெனி, வேகமும் அதிகம்.

"ரெண்டு வேற வேற மெமரிய ஒண்ணா மாட்டக் கூடாது. நான் படிச்சிருக்கேன்," என்றாள் மார்லீன்.

"அப்பிடியெல்லாம் இல்ல மார்லீன். ரெண்டும் ஒரே ரகம்தான், வெட்டு ஒரே எடத்துல இருக்கு பாரு. எது மெதுவோ அதோட வேகத்துக்கு மத்ததும் எறங்கி வந்துடும்."

"எங்க வீட்டுல முப்பது வருஷமா அதான் நடக்குது," என்றார் ரே. கொட்டகையே சிரித்தது.

மார்லீன் கார்மெலோவைப் பார்த்தாள். அவர் தனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

"போட்டுத்தான் பாப்பமே," என்றார் அவர்.

யாத்ரங்கா கணினிப் பெட்டியைத் திறந்து பட்டையை உள்ளே அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குக் கணக்கு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். மார்லீன்தான் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஆனால் கைதட்டல் அவளுக்குப் பின்னால் நின்றவளுக்குப் போனது. அவளும் தட்டினாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை பர்க் என்ற தொலைதூர ஊரிலிருந்து நீண்ட பந்தயம். பருவத்தின் பெரிய கோப்பை அதற்குத்தான், ஏற்ற வேண்டிய தகவலும் வழக்கத்தைவிட மிக அதிகம். பாதித் தகவல் ஏறியபோது திரை நீலமாகி நின்றது. திரும்பப் போட்டாள், மறுபடி நீலம். மூன்றாவது தடவை பெயர்ப் பட்டியலே திறக்கவில்லை.

"என்னாச்சு? என் பறவை என்னாச்சு?" என்று நாலா பக்கமும் குரல்கள்.

மார்லீன் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் கோபத்தினால் இல்லை. வெகுநாளாக அவளுக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

"நான் சொன்னேன்ல. ஒண்ணா மாட்டாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டீங்க?"

எல்லார் கண்களும் யாத்ரங்கா பக்கம் போயின. எல்லாரும் பார்க்க, மார்லீன் அந்தப் பட்டையை உருவி மேசை இழுப்பறைக்குள் வீசினாள். கணினியை இன்றைக்கு நம்ப முடியாது என்று சொல்லி, கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு இருட்டும்வரை கையால் கணக்குப் போட்டாள். கார்மெலோ நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொன்னார். யாத்ரங்கா எப்போது கிளம்பினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. மார்லீன் கவனித்தாள்.

பிறகு யாத்ரங்கா வரவில்லை. பக்கத்து ஊரான டாப்டோவின் சங்கத்துக்கு மாறிவிட்டதாக ரே செய்தி கொண்டுவந்தார்.

இதற்கிடையில் மார்லீன் கணினிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்திருந்தாள். தான் சொன்னது சரி என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ள ஆசை, அவ்வளவுதான். பழைய பட்டையைத் தனியாக மாட்டினாள். ஓடியது. யாத்ரங்காவின் பட்டையைத் தனியாக மாட்டினாள். அதுவும் ஓடியது. இரண்டையும் சேர்த்து மாட்டிப் பெரிய கணக்கை ஏற்றியதும் திரை நீலமானது. "பாத்தியா," என்று காலிச் சமையலறையில் உரக்கச் சொன்னாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. கணினி எழும்பும்போது வரும் அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தாள். மெமரியின் வேகம் தானாகவே பழைய பட்டைக்குத் தக்கபடி இறங்கியிருக்க வேண்டும், ஆனால் இறங்கவில்லை. பழையது தாங்காத வேகத்தில் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. வேகத்தைக் கையால் குறைத்து வைத்தாள். பர்க் பந்தயத்தின் முழுக் கணக்கையும் ஏற்றினாள். திரும்பத் திரும்ப ஏற்றினாள். சாயங்காலம்வரை ஒரு தடங்கல்கூட இல்லை.

ஆக யாத்ரங்கா மேல் தப்பில்லை. ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்ற விஷயம்.

மார்லீன் வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியை அணைத்து, யாத்ரங்காவின் பட்டையைக் கழற்றினாள். பழையதை மட்டும் வைத்து மூடி, சனிக்கிழமை சங்கத்துக்குக் கொண்டுபோனாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கார்மெலோவின் நாற்காலி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் அவர் பேச்சு குறைந்துபோயிருந்தது. புறாக்களைப் பற்றிக் கேட்டால், "இருக்குதுங்க," என்பார். அவர் கண் வாசல் பக்கமே இருப்பதாக மார்லீனுக்குத் தோன்றியது. போனவளை நினைத்தும் ஒரு மனுஷியால் இப்படி எரிய முடியுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாத்ரங்காவின் தெரு வழியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. கார்மெலோவின் வெள்ளை வேன் அங்கே வாசலில் நின்றது.

கைப்பையில் அந்தப் பட்டை கிடந்தது. திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கி, கதவைத் தட்டாமலே பக்கவாட்டு வழியாகப் பின்கட்டுக்குப் போனாள். இருவரும் புறாக்கூண்டின் முன்னால் நின்றிருந்தார்கள். சண்டை போடுகிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இந்தா வந்துட்டாங்க!" என்றாள் யாத்ரங்கா. "மகாராணி நேர்லயே வந்துட்டாங்க."

"உன் மெமரியக் குடுத்துட்டுப் போலாம்னு..."

"இப்பதான் ஞாபகம் வந்துச்சா? இவரக் கேளு மார்லீன். மறுநாளே நான் இவருக்குப் போன் பண்ணினேன். வேகத்தக் குறைச்சு வச்சா ரெண்டும் ஒண்ணா ஓடும், நானே வந்து சரிபண்ணித் தரேன்னு சொன்னேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா?"

கார்மெலோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"'விட்டுடு, அது மார்லீனோட மேசை, அவ மனசு கஷ்டப்படும்'னு சொன்னார். என் மனசு எங்க போச்சு? ஊருக்கு முன்னால நான்தானே முட்டாளா நின்னேன்? இப்ப வந்து, திரும்பி வா திரும்பி வான்னா?"

மார்லீனுக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம். அவர் எனக்காகச் சொல்லியிருக்கிறார், எனக்காக! அப்புறம்தான் யாத்ரங்காவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். ரொட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"எனக்கும் தெரியும்," என்றாள்.

"எது?"

"வேகத்தக் குறைச்சா ஓடும்கிறது. வீட்டுல வச்சு ஓட்டிப் பாத்துட்டேன். நீ டாப்டோவுக்குப் போறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். சொல்லல."

மார்லீன் நீட்டிய பட்டையை வாங்காமல் யாத்ரங்கா வீட்டுப் பக்கம் நடந்தாள். படியில் நின்று, "ரெண்டு பேரும் கெளம்புங்க," என்றாள்.

தெருவுக்கு வந்ததும் கார்மெலோ கேட்டார், "ஏன் மார்லீன் இப்பிடிப் பண்ணினே?"

"நீ அவ பக்கத்துல போய் உக்காந்தே."

"ரொட்டி அங்கதான் இருந்துச்சு!"

"அதான்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை கணக்கைத் தொடங்குமுன் மார்லீன் எழுந்து நின்று எல்லாருக்கும் விஷயத்தைச் சொன்னாள். யாத்ரங்கா கொடுத்த மெமரியில் குறை இல்லை, அது தனக்கு அப்போதே தெரியும், மறைத்தது தான்தான் என்று சொல்லி, எல்லாரும் பார்க்க அதை மாட்டி வேகத்தையும் குறைத்து வைத்தாள்.

"அன்னைக்கு என் புறாவுக்கு ரெண்டாவது எடம்னு சொன்னியே, அதுலயும் ஏதாவது மறைச்சியா?" என்றார் ரே. யாரும் சிரிக்கவில்லை. அதன்பிறகு சில வாரங்கள் யாரும் அவள் மேசைப் பக்கம் நின்று அரட்டை அடிக்கவில்லை. கடிகாரத்தை வைத்துவிட்டு விலகிப் போனார்கள். கார்மெலோ மட்டும் வந்து உட்கார்ந்தார், ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு.

பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு யாத்ரங்கா திரும்பி வந்தாள். டாப்டோவில் தன் வீட்டுத் தூரத்தைத் தப்பாக அளந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னாள். மார்லீனுக்கு வணக்கம் சொல்லவில்லை. வால்நட் ரொட்டியும் கொண்டுவரவில்லை.

கணக்கு ஓடி முடிந்தது. மார்லீன் வரிசையைப் படித்தாள். முதலிடம் யாத்ரங்காவின் நீலப் பெட்டை. கார்மெலோ எழுந்து நின்று, எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினார். மார்லீனுக்குள் அந்தப் பழைய எரிச்சல் அப்படியே வந்தது, கொஞ்சமும் குறையாமல். அவள் அதை விழுங்கிக்கொண்டு இரண்டாவது பெயரைப் படித்தாள்.