நாற்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே

காலை ஐந்து நாற்பதுக்கு அவள் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்துவைத்து, கதவுச் சட்டத்தில் இருந்த நீலப் பெயின்ட்டை பிளேடால் சுரண்டத் தொடங்கினாள்.

ஏழு மணிக்கு வண்டியில் ஆறு பெரிய கண்ணாடிகள் ஏற வேண்டும். போன வாரம் இரண்டு நடை போனாள். நடைக்கு ஒன்று விரிசல் விட்டது. கண்ணாடிக் கடைக்காரர் சத்தம் போடவில்லை. "டிரைவரம்மா, மூணாவது தடவையும் உடைஞ்சா நான் வேற வண்டி பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அவளிடம் வேறு வேலை எதுவும் வரிசை கட்டி நிற்கவில்லை.

புருஷன் பல் துலக்கிக்கொண்டே வந்தான். பத்து வருஷம் இந்த வண்டியை ஓட்டியவன். முதுகு மக்கர் பண்ணியபின் பக்கத்து சீட்டுக்கு மாறியவன். வாய் மட்டும் இன்னும் ஸ்டியரிங்கில்தான் இருந்தது.

"காலங்காத்தால எதுக்கு பெயின்ட்டைச் சுரண்டறே? ரெண்டு கோட்டிங் என் கையால அடிச்சது."

"அதான் தொல்லை. ஒண்ணோட நிறுத்தியிருந்தா இந்நேரம் படிச்சிருப்பேன்."

பெயின்ட்டுக்கு அடியிலிருந்து, வண்டிக் கம்பெனி ஒட்டிய காற்றளவு ஸ்டிக்கர் வெளியே வந்தது. பின் டயர், காலி வண்டிக்கு நாற்பது. முழுச் சுமைக்கு அறுபத்தைந்து.

அவள் பின் டயரில் காற்றை அளக்கும் கேஜை வைத்தாள். எண்பது காட்டியது.

"எண்பது யாரு சொன்னது?"

"டயரே சொல்லுது. பக்கத்துல எழுதியிருக்கு பாரு. பத்து வருஷமா அதான் வைக்கறேன்."

குனிந்து படித்தாள். "அதிகபட்சம் எண்பதுன்னுல்ல போட்டிருக்கு. லிப்டுல எட்டு பேர்னு எழுதியிருந்தா, தேடிப்போய் இன்னும் ஏழு பேரைக் கூட்டிட்டு வருவீங்களா?"

"கல்லு மாதிரி இருந்தாத்தான் டயர். காத்தைக் குறைச்சா சூடாகி வெடிக்கும். அப்ப உக்காந்து லிப்டு கதை சொல்லு."

அவன் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. அதனால்தான் அவள் நாற்பதுவரை இறங்க நினைக்கவில்லை. ஆறு கண்ணாடி, அவற்றைச் சாய்த்துவைக்கும் மரச் சட்டம், கூட உட்கார்ந்து குறை சொல்ல ஒரு ஆள். எல்லாம் சேர்த்தாலும் முழுச் சுமையில் பாதி வராது. ஐம்பது என்று முடிவு செய்தாள்.

வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போதே அளந்துவிட வேண்டும். இடப்பக்கப் பின் டயரின் வால்வை ஆணியால் அழுத்தினாள். காற்று சீறியது. தன் மூச்சே போவதுபோல அவன் பார்த்துக்கொண்டு நின்றான். வலப்பக்கத்தை அவள் தொடவில்லை.

"அதை ஏன் விட்டே?"

"உங்களுக்குக் காட்டத்தான்."

அடுத்த தெருவிலேயே இருந்த கடையில் கண்ணாடிகள் ஏறின. அவள் இரண்டு பின் டயர்களிலும், தரையில் படும் பகுதியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சாக்பீஸால் தடிமனாகக் கோடு இழுத்தாள்.

"வண்டிக்குப் பவுடர் பூசி முடிச்சாச்சா, டிரைவரம்மா?" என்றார் கடைக்காரர்.

"இன்னும் ஒரே நிமிஷம்ணே."

தெருவில் இருபதடி ஊர்ந்துபோய் நிறுத்தினாள். இடப்பக்கத்தில் கோடு முழுவதும் அழிந்திருந்தது. வலப்பக்கத்தில் நடுவில் மட்டும்தான் அழிந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் சாக்பீஸ் அப்படியே வெள்ளையாக இருந்தது. இத்தனை வருஷமும் வண்டி அந்த நடுக்கோட்டின்மேல் நின்றுதான் குதித்திருக்கிறது.

அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். ஆணியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

வலப்பக்கமும் ஐம்பதுக்கு வந்தது.

போன வாரம் கண்ணாடி உடைந்த குண்டும் குழியுமான சாலை வந்தது. அவள் அதே வேகத்தில்தான் ஓட்டினாள். வண்டி குதிக்கவில்லை. அமுங்கி எழுந்தது. அவன் மட்டும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தான்.

பாதி வழியில் அவனே இறங்கிக் கேஜ் வைத்தான். "ஐம்பத்தஞ்சு. ஏறியிருக்கு. காத்தைக் கொஞ்சம் இறக்கிடவா?"

"ஓடின சூடுங்க. ஆறினா தானா இறங்கும். கை வைக்காதீங்க."

கண்ணாடி போய்ச் சேர வேண்டிய கட்டடத்தில் மேஸ்திரி ஒவ்வொரு கண்ணாடியாக, விளிம்போடு விரலை ஓட்டிப் பார்த்தார். ஐந்தாவதில் விரல் நின்றது. அவள் கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்தாள். மேஸ்திரி படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு ஆறாவதற்குப் போனார்.

"எல்லாம் சுத்தமா இருக்கு. இறக்குங்கப்பா."

கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் இரண்டே வார்த்தை பேசினார். வைத்துவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள்.

"நாளைக்கும் நம்ம வண்டிதான். பதினாறு கண்ணாடியாம்."

அவன் பின் டயர் பக்கத்தில் குந்தியிருந்தான். கையில் கேஜ் இருந்தது. சட்டைப் பையில் சாக்பீஸ். அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"பதினாறுன்னா எவ்வளவு வைக்கணும்?"