காத்திருப்போர்: பூஜ்யம்

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக அக்கா பேருந்தைத் தவறவிட்டாள். டயாலிசிஸுக்குப் பத்து மணிக்குப் போகவேண்டும். பிந்தினால் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இன்றும் கொடுத்துவிட்டார்கள்.

"கைய ஆட்டுறேன், கத்துறேன், டிரைவர் திரும்பிக்கூடப் பாக்கல. உங்க ஆபீஸ் பஸ்ஸுதானேடி?" தொலைபேசியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கால் வீங்கியிருக்கும்.

எங்கள் பேருந்துதான். போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. நிறுத்தத்துக் கேமரா ஆட்களை எண்ணும். ஏறவும் இறங்கவும் யாரும் இல்லையென்றால் ஓட்டுநரின் திரையில் 'நிற்க வேண்டாம்' என்று வரும். நேரம் மிச்சமாகும் என்று அந்த விதிக்குக் குறிப்பு எழுதியவளே நான்தான்.

காலைப் பதிவை ஓடவிட்டேன். கூரையில்லாத இரும்பு இருக்கை, வெயில். இருபதடி தள்ளி, மருந்துக்கடை நிழலில் அக்காவும் இன்னும் இருவரும். கேமரா எண்ணும் எல்லையைத் திரையில் காட்டும் மஞ்சள் கட்டம் அந்த நிழலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. காத்திருப்போர்: பூஜ்யம்.

"கட்டத்தக் கொஞ்சம் நீட்டினாப் போதும் சார்."

"கடைக்கு வர்றவங்களையும் எண்ணிடுமே மேடம்," என்றார் மேலாளர். "வெயில்ல வந்து நிக்கச் சொல்லுங்க. உருகியா போயிடுவாங்க?"

நீங்கள் நின்று பார்த்திருக்கிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். நானும் நின்றதில்லை. கட்டத்தை நீட்டக் கேட்டு விண்ணப்பம் ஒன்றை எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்காவின் அடுத்த டயாலிசிஸ் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு, நிறுத்தத்தில் அந்தக் கட்டத்துக்குள் போய் நின்றேன். உச்சந்தலை கொதித்தது. நிழலிலிருந்து அக்கா சிரித்தாள்.

"என்னடி, உனக்குச் சிலை வைக்க இடம் பாக்குறியா?"

பேருந்து நின்றது. அக்கா காலை இழுத்து இழுத்து வந்து ஏறும்வரை படியருகே நின்றேன்.

"நீங்க ஏறலையா?" என்றார் ஓட்டுநர்.

"இல்ல."

"அப்ப எதுக்கும்மா நின்னீங்க?"

அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "நாளான்னிக்கு யாருடி நிப்பா?"

பதில் சொல்வதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. என் கைபேசி ஒலித்தது. மேலாளர்.

"மேடம், திரையில உங்களப் பாத்தேன். ஒருத்தர்னு கரெக்டா எண்ணுச்சு, பஸ்ஸும் நின்னுச்சு. கேமரா நல்லாத்தான் இருக்கு. உங்க விண்ணப்பத்த முடிச்சு வச்சுட்டேன்."