மிளகாய்ச் சரத்துக்கும் கதவுக்கும் நடுவே

எங்கள் ஊரில் கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை எதுவானாலும் படம் எடுப்பவள் டொனாட்டாதான். ஊராருக்குக் கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, ஜனவரி தொடக்கத்தில் தனக்கென்று ஒரு வேலை வைத்திருப்பாள். போன வருஷம் யாரும் கேட்காமல் தனக்காகவே எடுத்த படங்களை அச்சுப் போட்டு, சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி, மனசுக்கு நெருக்கமான சிலவற்றைப் பொறுக்கிச் சுவரில் மாட்டுவாள்.

இந்தத் தடவை பொறுக்குவது சுலபமாக இருந்தது. அப்பாவின் வீடு யாருக்கு என்று அவளும் தம்பி எஜீதியோவும் சண்டை போட்டு, நாலு வருஷமாக ஒரே ஊரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவர்கள். போன கோடையில்தான் அவன் மனைவி மிரெல்லா நடுவில் புகுந்து சேர்த்து வைத்தாள். அதிலிருந்து டொனாட்டாவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தம்பி குடியிருக்கும் அந்த அப்பா வீட்டில்தான். மலைச்சரிவின் விளிம்பில் இருக்கும் வீடு அது. பக்கவாட்டு முற்றத்தில் நின்றால் கீழே ஆறு வரைக்கும் தெரியும். அவளுக்கு வேண்டிய படங்கள் எல்லாமே அந்த முற்றத்தில் எடுத்தவைதான்.

மூன்றைத் தனியே எடுத்து வரிசையாக வைத்தாள். ஒன்று ஆகஸ்டில் எடுத்தது. தம்பி மகள் நோயெமி, பல் விழுந்த வாயைக் காட்டிச் சிரிக்கிறாள். பின்னால் சமையலறைக் கதவு. அதை ஒட்டி ஆணியில் தொங்கும் சிவப்பு மிளகாய்ச் சரம். அடுத்தது அக்டோபர். திராட்சை பறித்துவிட்டு வந்த எஜீதியோ அதே கதவோரம் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்குகிறான். மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். பொரித்த மாவு உருண்டைத் தட்டோடு மிரெல்லா வாசலில் நிற்கிறாள்.

எதை நடுவில் மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மூன்றாவது படம் கண்ணை உறுத்தியது. கேமராவைச் சாய்த்துப் பிடித்துவிட்டோமோ என்று நினைத்து, படத்தை லேசாகத் திருப்பினாள். கதவு நேரானது, மிளகாய்ச் சரம் கோணலானது. மறுபடி திருப்பினாள். சரம் நேரானது; கதவு கோணலாகிவிட்டது.

கொத்தனாரின் தூக்குக்குண்டைப் போல, தொங்கும் சரம் எப்போதும் நேராகத்தான் தொங்கும். ஆகஸ்ட் படத்தில் அது கதவு நிலையை ஒட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இருந்தது. அக்டோபரில் கீழ்ப்பக்கம் ஒரு விரல் நுழைகிற அளவு விலகியிருந்தது. டிசம்பரில் உள்ளங்கையே நுழையும்.

சுவர் பள்ளத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸிலிருந்து மழையோ விடவேயில்லை.

நகராட்சிக்குப் போன் செய்தாள். மூவரசர் திருநாள் விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. தீயணைப்பு நிலையத்தில் ஒருவர் எடுத்தார். அவள் திக்கித் திக்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, “கீழ் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கும்மா, நாங்க சுத்தித்தான் வரணும். நீங்க மொதல்ல ஆளுங்கள வெளிய கூட்டிட்டு வந்துடுங்க” என்றார். உடனே தம்பிக்குப் போன் செய்தாள். எஜீதியோ போனை எடுக்கவில்லை. மூன்று படங்களையும் கோட்டுக்குள் செருகிக்கொண்டு மழையில் ஓடினாள்.

அங்கே திருநாள் விருந்து நடந்துகொண்டிருந்தது. “கரெக்டா சாப்பாட்டு நேரம் பாத்து வந்துட்டியே அக்கா!” என்று சிரித்தான் எஜீதியோ.

“எல்லாரும் எழுந்திருங்க. வீடு சாயுது.”

“ஒயினைக் குடிச்சது நாங்க. போதை ஒனக்கு ஏறிடுச்சா?”

அவள் படங்களை மேசையில் வைத்து விரலால் காட்டினாள். அவன் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது, ஆனால் அதன் இடத்துக்கு வந்தது பயமில்லை, பழைய கோபம்.

“நாலு வருஷம் கோர்ட்டுக்குப் போறேன்னு மிரட்டுன. இப்ப மூணு படத்தக் காட்டி எங்கள வெளிய தள்ளப் பாக்குறியா?”

“வீட்ட நீயே வெச்சுக்கடா! உசுரோட இருந்து வெச்சுக்க!” டொனாட்டாவின் குரல் கிறீச்சிட்டது.

மிரெல்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “அண்ணி... அந்தக் கதவு நவம்பர்லேர்ந்தே இடிக்குது. இவர்தான் இழைச்சு இழைச்சு விடுறார்.”

“மழைக்கு மரம் ஊதும்டி! இதுக்குமா அவ பேச்சக் கேப்ப?”

டொனாட்டா அவன் சட்டையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனாள். சரத்தில் பத்து மிளகாய்கூட மிச்சமில்லை. கயிறு மட்டும் நனைந்து நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் கதவு நிலைக்கும் நடுவில் அவள் தன் முஷ்டியை விட்டாள். தாராளமாகப் போனது. “நீ விட்டுப் பாரு” என்றாள். அவனுடைய முஷ்டி பெரியது. அதுவும் போனது.

அவன் கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றான்.

கதவருகே வந்த நோயெமி, “அத்தை, கீழ யாரோ பல்லக் கடிக்கிறாங்க” என்றாள்.

அவர்களுக்கும் கேட்டது. தரைக்கு அடியில், நறநறவென்று.

எஜீதியோ மகளை அள்ளிக்கொண்டான். அடுப்பை அணைக்கத் திரும்பிய மிரெல்லாவை, “விடுடி! வாடி!” என்று அலறி இழுத்தான். அவள் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிவந்தாள்.

ஒட்டினாற்போல் அடுத்த வீடு கானியோ மாமாவுடையது. கால் வராத மனிதர். தனியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். “போங்கடா, நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து நிக்கிற வீடு” என்றார். எஜீதியோ பேச்சுக் கொடுக்கவில்லை. குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவரை மூட்டையாகத் தோளில் போட்டுக்கொண்டான்.

“எறக்குடா கழுத! என் பல்செட்டு உள்ள இருக்குடா!”

மேட்டில் இருந்த சிற்றாலயத்தின் படிகளில் போய் நின்றார்கள். வெகு நேரம் ஒன்றும் ஆகவில்லை. மழை பெய்துகொண்டேயிருந்தது. கானியோ மாமா திட்டிக்கொண்டேயிருந்தார். எஜீதியோ இரண்டு தடவை அக்காவைத் திரும்பிப் பார்த்தான். வீடு விழுந்துவிடுமோ என்று பயந்து வந்தவளுக்கு, இப்போது விழாமல் போய்விடுமோ என்றும் பயமாக இருந்தது. விழாவிட்டால் தம்பி ஜன்மத்துக்கும் தன்னிடம் பேசமாட்டான். அப்படி நினைத்ததற்காகவே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

வீட்டுக் கூரையிலிருந்து புறாக்கள் ஒன்றாக எழுந்து பறந்தன.

முதலில் சத்தமே இல்லை. சமையலறைச் சுவர், களைத்துப்போன ஆள் உட்காருவது போல, மெதுவாக இறங்கியது. பிறகுதான் இடி. முற்றம், சமையலறை, கானியோ மாமாவின் பின்னறை எல்லாம் மண்ணோடு மண்ணாக ஆற்றை நோக்கிப் போயின. நோயெமி அலறுவதை நிறுத்தவே முடியவில்லை. கானியோ மாமா சிலுவை போட்டுக்கொண்டார்.

எஜீதியோ நனைந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

“நான் இழைச்சேன்க்கா. ஒவ்வொரு வாரமும் நானே இழைச்சேன்.”

சுற்றிக்கொண்டு வந்த தீயணைப்புக்காரர்கள் அந்தத் தெரு முழுவதையும் யாரும் நுழையாதபடி அடைத்துவிட்டுப் போனார்கள். நால்வருக்கும் இப்போது டொனாட்டாவின் இரண்டு அறைகள்தான். கானியோ மாமாவை அவர் மகள் வந்து கூட்டிப் போனாள். மழை வலுக்கும்போதெல்லாம் எஜீதியோ எழுந்து போய் ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறான். யாரும் அவனைக் கேலி செய்வதில்லை.

ஒரு வாரத்துக்குள் ஊர் ஜனங்கள் அவளிடம் வரத் தொடங்கினார்கள். அவள் எடுத்துக் கொடுத்த கல்யாணப் படங்களை, குழந்தைப் படங்களை உறையில் போட்டு எடுத்து வந்தார்கள். யாரும் முகங்களைப் பார்க்கச் சொல்லவில்லை. “படத்துல பின்னாடி தெரியுற வாசல் நேரா இருக்கான்னு பாரேன்” என்றார்கள்.

கசாப்புக் கடைக்காரர் மனைவி அசுந்தா மகள் கல்யாணப் படத்தோடு வந்தாள். “எங்க வீடு நிக்குமா டொனாட்டா? உள்ளதச் சொல்லிடு.”

டொனாட்டா படத்தை நெடுநேரம் பார்த்தாள். “எனக்குத் தெரியல அசுந்தா. ஒரு படத்த வெச்சுச் சொல்ல முடியாது. இன்னொண்ணு எடுக்கணும்.”

இருவரும் தூறலில் நடந்து போனார்கள். அன்று மணப்பெண்ணை எடுத்த அதே இடத்தில் டொனாட்டா நின்றுகொண்டாள். அசுந்தா வாசலில் போய் நின்றாள். நிலையில் சாயப் பயந்து, கைகளை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“எடுத்துட்டியா?” என்றாள். “சீக்கிரம் எடு.”