மதாம் திருப்பிய வீடு

ரெட்டியார்பாளையத்தில் யூஜினின் வீடு போன வருடம் மழை விட்ட கையோடு தெற்கிலிருந்து கிழக்குப் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. திருப்பியது அவர் வீட்டுக் கோழி. சுவரில் ஒரு விரிசல் விழவில்லை, மாடித் தொட்டியில் தண்ணீர் தளும்பவில்லை. காலையில் தட்டாஞ்சாவடிக்கு வேலைக்குப் போன யூஜின் சாயங்காலம் வந்து பார்த்தால் வாசற்படி சற்றுத் தள்ளி இருக்கும், அவ்வளவுதான். முதலில் கண்டுபிடித்தவர் பால்காரர். பால் பாக்கெட்டை மாட்டும் கம்பி கைக்கு எட்டாமல் போகிறதென்று சலித்துக்கொண்டார். தெருவில் மற்றவர்கள் வாயைத் திறந்தது கேபிள் ஒயர் இழுபட்டு சீரியல் நின்ற பிறகுதான்.

கோழியின் பெயர் மதாம். யூஜினின் மனைவி லூர்துசெல்வி அதைக் குஞ்சாக வாங்கி வந்தபோதே அது கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் சட்டை செய்யாமல் நடந்தது. அவளுக்குப் பிரெஞ்சுப் பாடம் எடுத்த, பிள்ளைகள் மதாம் என்று கூப்பிட்ட டீச்சரின் நடை அது, அதனால் அந்தப் பெயர். சாப்பாடும் பெயருக்கு ஏற்றபடிதான். பேக்கரியில் மிஞ்சும் நீள ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துப் போடுவாள். தவிடு, கம்பு, கீரை எதையும் மதாம் ஏறிட்டும் பார்க்காது. அதில் லூர்துசெல்விக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, சும்மா சொல்லக்கூடாது.

அந்த மதாம்தான் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு கொல்லையில் வட்டமடிக்க ஆரம்பித்தது. ரொட்டியைக் கொத்தப் போனால் அலகு பக்கத்து மண்ணில் குத்தும். கொஞ்சம் நடந்தால் கால் பின்னி விழும். எழுந்து மறுபடியும் இடப்பக்கமே சுற்றும். அது சுற்றச் சுற்ற வீடும் அதே பக்கம் நகர்ந்தது.

நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு வாஸ்து கிடையாது என்று யூஜின் யாரிடமும் மார்தட்டிச் சொல்வார். ஆனால் வீட்டை விற்றுவிட்டு லிஃப்ட் வைத்த அபார்ட்மென்டுக்குப் போகவேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. வாங்க வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்று திசை பார்ப்பார்கள், தெற்கா என்பார்கள், காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அபார்ட்மென்டில் கோழி வளர்க்க விடமாட்டார்கள் என்று தெரிந்த லூர்துசெல்வி அந்தக் காபிக்கு மட்டும் சர்க்கரை தாராளமாகப் போடுவாள்.

பக்கத்து வீட்டுத் தேவதாஸ், மில் மூடிய பிறகு வீட்டு புரோக்கர் ஆனவர், போனில் திசைகாட்டியோடு வந்து நின்றார். "இப்டியே போனா ஞாயித்துக்கெழம கெழக்கு வந்துடும் யூஜின். அதுவரைக்கும் கோழிய யாரும் தொந்தரவு பண்ணாதீங்க," என்றார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து, வீடு திரும்புவது பாவம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்றார். ஒரு இன்ஜினியர் டேப் பிடித்து அளந்து, வீடு மனை எல்லைக்குள்தான் திரும்புகிறது, ஆட்சேபணை இல்லை என்றார். வந்தவர்கள் அத்தனை பேரும் வீட்டைத்தான் பார்த்தார்கள். கொல்லையில் கோழி விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை லூர்துசெல்வி அதைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டர் செந்தமிழ்ச்செல்வியிடம் போனாள். தலையில் அடிபட்டதா, வேறு கோழிகளுக்கும் இப்படி உண்டா, வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டதா என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். அடி இல்லை, வேறு கோழியே இல்லை, ஊசி போட்டாயிற்று. தீனி என்ன என்றதும் லூர்துசெல்வி ரொட்டி என்றாள், இந்தமுறை பெருமை இல்லாமல்.

"வெறும் ரொட்டியாம்மா? நரம்புக்கு வேண்டிய சத்து அதுல எங்க இருக்கு? இன்னிக்கே மருந்த ஆரம்பிங்க. தள்ளிப்போட்டா கழுத்து முறுக்கிக்கும், தீனி எடுக்காம செத்துடும்," என்ற டாக்டர், வைட்டமின் சொட்டுமருந்து கொடுத்தார். விழாமல் இருக்கச் சுற்றிலும் துணி சுருட்டிவைத்த அட்டைப்பெட்டியில் விடவேண்டும், தலையைத் தாங்கிப் பிடித்து ஊட்டவேண்டும் என்றார். வீடு திரும்புவதைப் பற்றிக் கேட்டதற்கு, அது எங்கள் துறை இல்லை என்றார்.

யூஜின் வாசலில் காத்திருந்தார். "ரெண்டே நாளு செல்வி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து நானே மருந்து ஊத்தறேன். இத்தினி வருசம் கழிச்சு இப்பதான் நமக்கு ஒரு வழி பொறக்குது," என்றார். குரலில் கெஞ்சல்தான் இருந்தது, அதிகாரம் இல்லை. லூர்துசெல்வி உள்ளே போய் உட்கார்ந்து, மதாமைக் கூடையிலிருந்து மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். மதாமின் கழுத்து முறுக்கிக்கொண்டு, ஒரு கண் உத்தரத்தைப் பார்த்தபடி இருந்தது. கிண்ணத்துத் தண்ணீர் அலகுக்குப் பக்கத்திலேயே இருந்தும் அதனால் குடிக்க முடியவில்லை. லூர்துசெல்விக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குக் கெழக்கு வாணாங்க. இது சாவுது," என்றாள். அலகைத் திறந்து மருந்தைச் சொட்டினாள். மதாமைப் பெட்டியில் விட்டாள். பெட்டியில் சுற்ற இடமில்லை. வீடு நின்றது.

நின்ற இடம் தென்கிழக்கு, சரியான அக்கினி மூலை. வாசல் தேவதாஸ் வீட்டுத் துணிக்கொடிக்கு நேராக இருந்தது. தேவதாஸ் திசைகாட்டியைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டிக்கொண்டு போனார். யூஜின் மனைவியோடு பேசுவதை நிறுத்தினார். மருந்தும், முட்டையும் தவிடும் பிசைந்த தீனியும் உள்ளே போகப் போகக் கழுத்து மெல்ல நேரானது. ஒருநாள் மதாம் பெட்டியிலிருந்து தானே குதித்து நேராக நடந்தது.

அன்று மனைவி மார்க்கெட்டுக்குப் போன சமயம் பார்த்து, யூஜின் கோழியைக் கையில் ஏந்திக்கொண்டு கொல்லையில் இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தார். வீடு அசையவில்லை. அவர்தான் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மதாம் அவர் மடியில் நின்று, தலையை நேராக வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. லூர்துசெல்வி திரும்பி வந்தபோது அவர் உள்ளங்கையில் தவிடு வைத்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார். "ஏங்க, அதுவே கொத்தித் தின்னும்," என்றாள். தெரியும் என்றார்.

வீட்டை வாங்க அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. இப்போது யூஜின் வீட்டுக்கு வரும் பால்காரரும், தபால்காரரும், சிலிண்டர் கொண்டுவருபவரும் தேவதாஸின் ஈர லுங்கிகளுக்கு அடியில் குனிந்துதான் வரவேண்டும். பண்டிகை நாளில் சாமியாரும் அப்படித்தான் வந்தார். யாருக்கும் அதில் குறையில்லை, பழகிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது மதாம். அது மட்டும்தான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நேராகப் போகிறது.