துண்டுக்கு அடியில் பிடித்த கை

பெண் பார்ப்பதைத் தேக்கடிப் படகில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர், தேனியில் பருத்தி மொத்த வியாபாரம் செய்யும் சுந்தர்ராஜ். வீட்டில் உட்கார்ந்து கேசரி தின்றபடி பெண் பார்ப்பதெல்லாம் சில்லறைக் கடைக்காரர்கள் செய்கிற வேலையாம்.

"யானையையும் பாத்த மாதிரி ஆச்சு, பொண்ணையும் பாத்த மாதிரி ஆச்சு, என்னண்ணாச்சி?" என்று அவர் கேட்டதற்கு, போடி ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜ் சிரித்து வைத்தார். பெண்ணைப் பெற்றவர் வேறென்ன செய்வார்?

எழுபத்து நான்காம் வருடக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டு குடும்பமும் படகுத்துறையில் கூடின. சுந்தர்ராஜ் காக்கிக் கோட்டு, வெள்ளைக்காரத் தொப்பி, கழுத்தில் பைனாகுலர் சகிதம் வந்திருந்தார். வருசநாட்டுக் காட்டில் ஒற்றை யானையை வெறும் அதட்டலிலேயே விரட்டிய கதையைக் கம்பத்தில் ஆரம்பித்தவர், குமுளி தாண்டியும் முடிக்கவில்லை. படகில் கால் வைக்குமுன் நின்று ஜெபம் செய்தார். படகு, இன்ஜின், டீசல், ஏரியின் ஆழம் என்று ஒவ்வொன்றையும் ஆண்டவருக்கு விலாவாரியாக நினைவூட்டினார். அதைப் பயம் என்று யாரும் சொல்லவில்லை. பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பெண் ஜெபராணி ஜெயமங்கலத்தில் பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளையான சுந்தர்ராஜின் மகன் ஆதித்தனை அவளுக்குப் பிடித்திருந்தது. பெரியகுளம் கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் அவன் கனத்த குரலில் பாடியதைக் கேட்டிருக்கிறாள். அப்பா பக்கத்தில் இருந்தால் மட்டும் அந்தக் குரல் வெளியே வராது. சிக்கல் ஒன்றுதான்: கல்யாணம் முடிந்த கையோடு அவள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சுந்தர்ராஜ் பிடிவாதமாக இருந்தார். வேலையை விடச் சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்று அவள் தகப்பனிடம் சொல்லியிருந்தாள். சொன்னாளே தவிர, ஆதித்தனை விடவும் மனசில்லை.

"பிள்ளை ஒரு மூணு வருசமாச்சும் வேலை பாக்கட்டுமே அண்ணாச்சி," என்று துறையிலேயே ஆரம்பித்தார் பொன்னுராஜ்.

"மருமக சம்பளத்துல கஞ்சி குடிக்கிறான்னு பஜார்ல பேச மாட்டாகளா? சரி, உங்களுக்காக ஒரு வருசம். மிச்சத்தை போட்ல பேசிக்கிருவோம்."

படகு கிளம்பியதும், "ஆரும் மிண்டருது! சத்தம் கேட்டா மிருகம் ஓடிப்போகும்," என்று மலையாளமும் தமிழும் கலந்து அதட்டினார் படகுக்காரர்.

வாயை மூடினால் என்ன, வியாபாரிக்குக் கை இருக்கிறது. பொன்னுராஜ் தோள் துண்டை எடுத்து இருவர் கை மேலும் போட்டார். சந்தையில் பேரம் பேசுகிற அதே பழக்கம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து, மறுபடி பிடித்தால் இன்னோர் ஐந்து. பிடித்ததை இல்லை என்று சொன்னவன் அப்புறம் பஜாரில் தலைகாட்ட முடியாது.

எதிர் பெஞ்சில் இருந்த ஜெபராணிக்கு அந்தத் துண்டைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. துண்டு அசைவதை வைத்தே கணக்குப் புரிந்தது: அப்பா மூன்று வருடத்துக்கு மூன்று விரலைப் பிடிக்கிறார், சுந்தர்ராஜ் ஒன்றைப் பிடிக்கிறார். மறுபடி மூன்று, மறுபடி ஒன்று. அப்பாவின் புருவம் மெல்ல இறங்கியது. ஏலக்காய் மூட்டையை வந்த விலைக்குத் தள்ளிவிடும்போது இறங்குகிற புருவம் அது. அவள் ஆதித்தனைப் பார்த்தாள். அவன் பட்டமரத்தில் சிறகு காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்நேரம் படகுக்காரர் இன்ஜினை அணைத்தார். கரைப் புல்லை விலக்கிக்கொண்டு ஒரு பெண் யானை குட்டியோடு தண்ணீருக்கு இறங்கியது. படகைக் கண்டதும் காதை விரித்து ஒரு பிளிறு பிளிறியது.

சுந்தர்ராஜ் துண்டுக்குள் பொன்னுராஜின் கையை முழுசாகப் பிடித்தார். யானை தண்ணீருக்குள் ஓர் அடி வைத்தது. மறுபடி பிடித்தார். அது மறுபடி பிளிறியதும் இன்னும் இறுக்கிப் பிடித்தார். யானையைப் பார்க்கக் கூட்டமெல்லாம் ஒரே பக்கம் எழும்ப, படகு லேசாகச் சாய்ந்தது. அவ்வளவுதான், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே!" என்றார்.

யானை குட்டியைத் தன் பின்னால் தள்ளிவிட்டு, நிதானமாகத் தண்ணீர் குடித்தது. இன்ஜின் மறுபடி ஓடத் தொடங்கியது. பொன்னுராஜ் துண்டை எடுத்து உதறி, முகம் மலரச் சம்பந்தியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி மனசே மனசு! அஞ்சஞ்சாக் கூட்டிக்கிட்டே போயி, கடைசில ரெண்டு கையையும் குடுத்துட்டீகளே. பிள்ளை ரிட்டயர் ஆகுற வரைக்கும் வேலை பாக்கலாம்ல?"

"அது... அது வந்து..." என்று தொப்பியைத் தேடினார் சுந்தர்ராஜ். அது பெஞ்சுக்கு அடியில் உருண்டு கிடந்தது.

அவர் மனைவி சாராள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முப்பது வருடமாக அந்த ஒற்றை யானைக் கதையைக் கேட்டு வருகிறவள். "இங்கேருங்க, நெஞ்சறியச் சொல்லுங்க. பேச்சுல பிடிச்சீகளா, பயத்துல பிடிச்சீகளா?"

படகே திரும்பிப் பார்த்தது.

"பயமா? எனக்கா? பேச்சுலதான்!"

"அப்ப வாக்குக் குடுத்தாச்சு," என்றாள் சாராள். "மருமகளே, கேட்டுக்கோத்தா."

"நானும் கேட்டேன்," என்றது ஒரு கனத்த குரல். ஆதித்தன்தான். தகப்பன் திரும்பிப் பார்த்ததும் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தான்.

ஜெபராணிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இவ்வளவு தூரம் வந்து இன்னும் ஒரு மிருகத்தையும் பார்க்கவில்லையே என்று அவசரமாகக் கரைப்பக்கம் திரும்பினாள். யானையின் முதுகு புல்லுக்குள் மறைந்துகொண்டிருந்தது.